ஒரே பேழைக்குள் உலகமும் கடவுளும்: இடைக்கால ஜெர்மன் இலக்கியத்தில் இன்பமும் பாவமும்

இடைக்கால ஜெர்மனியைப் பற்றி இணையத்தில் தேடுகிறவர்கள் கண்ணில் இரண்டு படங்கள் திரும்பத் திரும்பப் படும். ஒன்று, சூரிச் நகரில் சுமார் 1300-க்கும் 1340-க்கும் இடையில் உருவான, காதல் பாடல்களின் தொகுப்பான மனெஸ்ஸே சுவடியின் ஓவியம். ரோஜா மரத்தடியில் ஒரு பெண் குனிந்து, தன் மடியில் சாய்ந்திருக்கும் கவிஞனை அணைத்துக்கொண்டிருக்கிறாள். அவன் கையில் ஒரு வல்லூறு. இன்னொன்று, வோர்ம்ஸ் பேராலயத்தின் தெற்கு வாசலில் உள்ள கல்சிலை. முன்னால் நின்று பார்த்தால் அழகான சீமாட்டி. காலடியில் சின்ன உருவமாக ஒரு குதிரைவீரன். பக்கவாட்டில் போய்ப் பார்த்தால் அவள் முதுகெல்லாம் தேரையும் பாம்பும் நெளிகின்றன. அவளுக்கு ‘உலகச் சீமாட்டி’ என்று பெயர். ஓவியத்துக்கும் சிலைக்கும் ஏறக்குறைய ஒரே வயதுதான்.

ஒரே சமூகம் காதலை இவ்வளவு ஆசையோடு வரைந்துவிட்டு, அதே காலத்தில் உலக இன்பத்தை அழுகிய முதுகாகச் செதுக்கியது எப்படி? வழக்கமாக இதற்கு இரண்டு பதில்கள் சொல்லப்படும். திருச்சபை இன்பத்தை அடக்கியது, கவிஞர்கள் அதை எதிர்த்துக் கலகம் செய்தார்கள் என்பது ஒன்று. காதல் பாட்டெல்லாம் வெறும் அரண்மனைச் சம்பிரதாயம், உள்ளுக்குள் எல்லோரும் நரகத்துக்குப் பயந்தவர்களே என்பது மற்றொன்று. இரண்டும் நிற்காது. காதலைப் பாடிய கவிஞனே பாவத்தையும் பாடியிருக்கிறான், பல சமயம் அதே கதைக்குள்ளேயே பாடியிருக்கிறான். அரண்மனையில் வாழ்ந்துகொண்டே, இன்பத்தை விடாமலே, ஆன்மாவைக் காப்பாற்றிக்கொள்ள முடியுமா என்பதுதான் அவர்களை விடாமல் பிடித்திருந்த கேள்வி.

யார் எழுதினார்கள், யாருக்காக

இந்த இலக்கியத்தின் உச்சம் சுமார் 1170 முதல் 1230 வரை. அதுவரை எழுத்து பெரும்பாலும் துறவிகள் கையில், லத்தீன் மொழியில் இருந்தது. இப்போது இடைக்கால உயர் ஜெர்மன் மொழியில், அரண்மனைச் சபையில் வாசித்துக் காட்டவும் பாடவும் நூல்கள் எழுதப்பட்டன. கதைகள் பலவும் பிரெஞ்சிலிருந்து வந்தவை. ஆனால் ஜெர்மன் கவிஞர்கள் அவற்றைத் தங்கள் கேள்விகளுக்காகத் திருத்தி எழுதினார்கள்.

அந்தக் காலத்தின் மனநிலையைப் புரிந்துகொள்ள 1184-இல் மைன்ஸ் நகரில் நடந்த விழாவைப் பார்க்கலாம். பேரரசர் ஃபிரெடெரிக் பார்பரோசா தன் இரண்டு மகன்களுக்குக் குதிரைவீரர் பட்டம் சூட்ட, பெந்தெகொஸ்தே நாளில் ஊருக்கு வெளியே கூடாரங்களும் மரக் கட்டடங்களுமாக ஒரு தற்காலிக நகரத்தையே எழுப்பினார். பட்டு, விருந்து, குதிரை விளையாட்டு, இசை எல்லாம் திருச்சபையின் ஒரு பெருநாளில், பூசையோடு சேர்த்துக் கொண்டாடப்பட்டன. இன்பத்துக்கு ஒரு நாள், கடவுளுக்கு ஒரு நாள் என்று அவர்கள் பிரித்து வைக்கவில்லை.

புரவலர்கள் விஷயத்திலும் அப்படித்தான். வால்ட்டர் ஃபொன் டெர் ஃபோகல்வைட அந்தக் காலத்தின் மிகப் பெரிய காதல் கவிஞர். கவிதைகளுக்கு வெளியே அவர் வாழ்ந்ததற்கு நேரடிச் சான்றாக நமக்குக் கிடைத்திருப்பது ஒரே ஒரு கணக்குக் குறிப்பு. 1203 நவம்பர் 12 அன்று, கம்பளித் தோல் அங்கி வாங்க ‘பாடகர் வால்ட்டருக்கு’ ஐந்து சொலிடி பணம் கொடுக்கப்பட்டது என்கிறது அது. கொடுத்தவர் பாஸாவ் ஆயர் வொல்ஃப்கர், அதாவது ஒரு திருச்சபைத் தலைவர். இதே வொல்ஃப்கர் பின்னாளில் அக்விலேயாவின் மறைமுதல்வர் ஆனார். அவருடைய சபையில் இருந்த தொமாஸின் என்ற குருதான் 1215-16-இல் அரண்மனை ஒழுக்கம் பற்றிய பெரிய நீதிநூலை எழுதினார். அதில் இளைஞர்களுக்கு ஆர்தர் மன்னன் கதைகளில் வரும் வீரர்களையே முன்மாதிரியாகக் காட்டுகிறார். உயர்ந்த உண்மைகளை நேரடியாகப் புரிந்துகொள்ள முடியாதவர்களுக்கு இந்தக் கதைகள் பயன்படும் என்பது அவர் கருத்து. திருச்சபை ஒரு கரையிலும் கவிஞர்கள் மறுகரையிலும் நின்றதாகக் கற்பனை செய்துகொண்டால் இவை எதுவும் விளங்காது.

தெரிந்துகொள்ள வேண்டிய சொற்கள்

1. மின்ன: காதல். ஆண் பெண் காதலுக்கும் கடவுள் அன்புக்கும் இதே சொல்தான். இந்த ஒற்றுமையைக் கவிஞர்கள் தெரிந்தே பயன்படுத்தினார்கள்.

2. ஃபுரோய்ட: மகிழ்ச்சி. தனி ஆளின் மனநிலையைவிட, ஒரு சபை முழுவதும் சேர்ந்து உண்டாக்கிக் காப்பாற்ற வேண்டிய நிலை இது. அரண்மனையில் மகிழ்ச்சியாக இருப்பது கடமை. முகத்தைத் தூக்கி வைத்திருப்பது பண்பற்ற செயல்.

3. மாஸ: அளவறிதல். கோபம், காதல், கொடை, பேச்சு எதுவானாலும் அளவு தெரிந்து நடப்பது.

4. ஏர: மானம், மதிப்பு. மற்றவர்கள் கண்ணில் இருப்பது. தனியாக ஒரு காட்டில் இருப்பவனுக்கு இது கிடையாது.

5. ட்ஸ்வீவெல்: ஐயம். கடவுள் மன்னிப்பார் என்ற நம்பிக்கையை இழப்பது. பாவங்களிலேயே கொடியது என்று எண்ணப்பட்டது.

கடைசிச் சொல்லை நன்றாக நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். இந்த இலக்கியத்தில் உடலின்பத்தைவிட ஆபத்தானதாக வருவது அதுதான்.

குதிரைவீரனின் சிக்கல்

துறவிக்கு வழி தெளிவு: உலகத்தை விட்டால் போதும். குதிரைவீரனால் அது முடியாது. அவன் பிழைப்பே உடலை நம்பியது. சண்டை போட வேண்டும், நன்றாக உடுத்த வேண்டும், விருந்து வைக்க வேண்டும், பெண்களின் மதிப்பைப் பெற வேண்டும். இதில் ஒவ்வொன்றுக்கும் பக்கத்திலேயே ஒரு பாவம் காத்திருந்தது. போட்டிச் சண்டைகளை 1130-லேயே திருச்சபை தடை செய்தது. அதில் செத்தவனுக்குத் திருச்சபை அடக்கம் கிடையாது என்றது. 1215-இல் கூடிய நான்காம் லாத்தரான் சங்கம் என்ற திருச்சபைப் பேரவை, ஒவ்வொரு கிறிஸ்தவரும் ஆண்டுக்கு ஒரு முறையாவது பாவசங்கீர்த்தனம் செய்தாக வேண்டும், அதாவது குருவிடம் தன் பாவங்களைச் சொல்லியாக வேண்டும் என்று விதித்தது. ஆக, நாம் பேசும் கவிஞர்கள் எழுதிக்கொண்டிருந்த தலைமுறையில்தான் தன் மனத்தைத் தானே துருவிப் பார்க்கும் பழக்கம் எல்லோருக்கும் கட்டாயமானது.

காதல் பாட்டில் இந்தச் சிக்கல் அப்படியே தெரிகிறது. ஃப்ரீட்ரிஷ் ஃபொன் ஹௌஸன் சிலுவைப்போருக்குப் போகும்போது பாடிய பாட்டில் அவருடைய உடலும் நெஞ்சும் பிரியப் பார்க்கின்றன. உடல் போருக்குப் போகத் துடிக்கிறது. நெஞ்சு ஒரு பெண்ணிடம் தங்கிவிட்டது. துறவை வற்புறுத்தும் உரைகளில் உடல்தான் பாவத்தின் பக்கம் இழுக்கும். இங்கே உடல் கடவுளுக்காகப் புறப்படுகிறது, உள்ளே இருக்கும் நெஞ்சு உலகத்தில் நிற்கிறது. ஹௌஸன் 1190-இல் அந்தச் சிலுவைப்போரிலேயே இறந்தார்.

படுக்கையில் செய்த தவறு எது?

ஹார்ட்மன் ஃபொன் ஔவ எழுதிய ‘எரெக்’ (சுமார் 1180-களில்) ஜெர்மன் மொழியின் முதல் ஆர்தர் காவியம். அரசகுமாரன் எரெக், ஏழைப் பிரபுவின் மகள் எனீட்டேயைத் திருமணம் செய்துகொள்கிறான். அப்புறம் என்ன, இருவரும் படுக்கையை விட்டு எழுந்திருப்பதே பூசைக்கும் சாப்பாட்டுக்கும் மட்டும்தான். வீரர்கள் அரண்மனையை விட்டு ஒவ்வொருவராகப் போகிறார்கள். ஊர் பேசுகிறது. எனீட்டே அவன் தூங்குவதாக நினைத்துப் புலம்புகிறாள், அவன் கேட்டுவிடுகிறான். அன்றே அவளையும் கூட்டிக்கொண்டு, வழியில் வாய் திறக்கக் கூடாது என்று உத்தரவிட்டுக் காட்டுவழி கிளம்புகிறான்.

இவர்கள் முறையாகத் திருமணம் செய்தவர்கள், பூசையையும் விடவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். போதகர் கண்ணில் பெரிய பாவம் எதுவும் இல்லை. குற்றம் சபைக்கு எதிராக நடந்திருக்கிறது. எரெக் இன்பத்தைத் தனக்கென்று சுருட்டிக்கொண்டான். சபையின் மகிழ்ச்சி காய்ந்துபோனது. கதையின் முடிவில் அவன் சந்திக்கும் எதிரி ஒரு தோட்டத்துக்குள் தன் காதலியோடு மட்டுமே வாழ்ந்து, வருகிறவர்களை எல்லாம் கொன்றுகொண்டிருப்பவன். அவனால் கைம்பெண்களானவர்கள் எண்பது பேர். எரெக் அவனை வென்றதும் சொல்கிற பாடம், மனிதர்களோடு சேர்ந்து இருப்பதே நல்லது என்பதுதான். இருவர் மட்டும் வாழும் இன்பம் கடைசியில் எங்கே போய் நிற்கும் என்பதை ஹார்ட்மன் அந்தத் தோட்டத்தில் காட்டிவிடுகிறார். எனக்குத் தெரிந்து இந்த மரபில் காதலைப் பற்றிய மிகக் கூர்மையான எச்சரிக்கை இது. அதில் நரகம் பற்றிப் பேச்சே இல்லை.

வால்ட்டரின் பேழை

1197-இல் பேரரசர் ஆறாம் ஹைன்ரிஷ் இறந்தார். அடுத்த ஆண்டே ஒரே அரியணைக்கு இரண்டு அரசர்கள். அந்தக் குழப்பத்தில் வால்ட்டர் ஒரு பாட்டுப் பாடினார். கல்லின் மேல் உட்கார்ந்து, கால்மேல் கால் போட்டு, கன்னத்தில் கைவைத்து யோசிக்கிறார். மனெஸ்ஸே சுவடி அவரை இதே நிலையில்தான் வரைந்திருக்கிறது. மானம், செல்வம், கடவுளின் அருள் ஆகிய மூன்றையும் ஒரே பேழைக்குள் வைக்க வழி உண்டா என்பது அவர் யோசனை. முடியாது என்று முடிக்கிறார். இதை மட்டும் மேற்கோள் காட்டி, ‘பார், உலகமும் கடவுளும் சேராது என்கிறார்’ என்று சொல்கிறவர்கள் உண்டு. அவர் சொல்லும் காரணத்தைப் படித்தால் விஷயம் வேறு. துரோகம் பதுங்கியிருக்கிறது, வன்முறை தெருவில் திரிகிறது, அமைதியும் நீதியும் காயம்பட்டுக் கிடக்கின்றன. அவை குணமாகும்வரை அந்த மூன்றுக்கும் வழித்துணை இல்லை. அதாவது, நாட்டில் ஒழுங்கு இருந்தால் மூன்றும் சேரும் என்றே அவர் நம்புகிறார். தடை அரசியலில் இருக்கிறது.

அதே வால்ட்டர்தான் லிண்டன் மரத்தடிப் பாட்டையும் எழுதினார். ஒரு பெண் பேசுகிறாள். நசுங்கிய பூவும் புல்லும் நாங்கள் படுத்த இடத்தைக் காட்டும் என்கிறாள். நைட்டிங்கேல் பாடுகிறது. அவன் என்னோடு படுத்தது யாருக்காவது தெரிந்தால், கடவுளே வேண்டாம், வெட்கப்பட்டுப் போவேன் என்கிறாள். வெட்கம் ஊருக்கு; கடவுளைத் துணைக்கு அழைப்பது யாருக்கும் தெரியாமல் காப்பாற்றத்தான். பாவம் என்ற எண்ணம் அந்தப் பாட்டில் எங்கும் எட்டிப் பார்க்கவில்லை.

இன்னொரு பாட்டில் அவர் உலகச் சீமாட்டியிடம் கணக்கு முடிக்கிறார். உலகம் ஒரு சத்திரம், அதன் முதலாளி சாத்தான். கடனைக் கட்டிவிட்டேன், என் பெயரை ஏட்டிலிருந்து அடிக்கச் சொல் என்கிறார். அவள் கொஞ்சிக் கூப்பிடுகிறாள். முன்னால் பார்த்தபோது நீ அழகுதான், மறுக்கவில்லை, ஆனால் பின்னால் பார்த்துவிட்டேனே என்று விடைபெறுகிறார். அந்த விடையில் வெறுப்பைவிட ஏக்கமே கூடுதல். அவள் மார்பில் பால் குடித்து வளர்ந்தவன் என்று அவரே சொல்லிக்கொள்கிறார்.

நல்ல பாவி

ஹார்ட்மன் ‘கிரெகோரியஸ்’ கதையில் பாவத்தை எட்டக்கூடிய எல்லைவரை கொண்டுபோகிறார். அண்ணன் தங்கைக்குப் பிறந்த குழந்தை, தந்தப் பலகையில் பிறப்பின் கதையோடு கடலில் விடப்படுகிறது. மடத்தில் வளர்கிறான். மடத்தலைவர் தடுத்தும் கேளாமல் குதிரைவீரனாகக் கிளம்புகிறான். முற்றுகையில் தவிக்கும் ஓர் அரசியைக் காப்பாற்றி மணக்கிறான். அவள்தான் அவனைப் பெற்றவள். உண்மை தெரிந்ததும் ஏரி நடுவே ஒரு பாறையில் தன்னைச் சங்கிலியால் பிணைக்கச் சம்மதித்து 17 ஆண்டுகள் கிடக்கிறான். கடைசியில் அவனே போப்பாண்டவர் ஆகிறான்.

கவிஞர் அவனை ‘நல்ல பாவி’ என்றே அழைக்கிறார். எவ்வளவு பெரிய பாவமானாலும் வருந்தினால் மன்னிப்பு உண்டு, மன்னிப்பே கிடைக்காது என்று நினைப்பதுதான் மீள முடியாத பாவம் என்பதை முன்னுரையிலேயே வலியுறுத்துகிறார். அவன் பிறப்பு பாவத்தில் நடந்தது, அவனுக்குத் தெரியாது. திருமணமும் பாவம், அதுவும் தெரியாது. அப்படியானால் அவன் குற்றம் என்ன, மடத்தை விட்டு வீரனாகப் போனதா? இந்த விவாதம் ஆய்வாளர்களிடம் இன்றும் தொடர்கிறது. கவிஞர் அதற்குத் தீர்ப்பு எழுதவில்லை.

‘ஏழை ஹைன்ரிஷ்’ கதையில் அளவு சிறிது, கூர்மை அதிகம். சுவாபியாவின் பிரபு ஹைன்ரிஷுக்கு எல்லாம் இருக்கிறது: குலம், செல்வம், பண்பு, காதல் பாட்டுப் பாடும் திறமை. தொழுநோய் வருகிறது. இத்தாலியின் சலேர்னோ நகர மருத்துவர், மனம் ஒப்பி உயிர் கொடுக்கும் ஒரு கன்னியின் இதய ரத்தம் மட்டுமே மருந்து என்கிறார். அவன் தங்கியிருக்கும் குடியானவரின் மகள் தானே முன்வருகிறாள். சலேர்னோவில் அவள் ஆடையின்றி மேசையில் கட்டப்பட்டிருக்கிறாள். மருத்துவர் கத்தியைச் சாணை பிடிக்கும் சத்தம் வெளியே கேட்கிறது. ஹைன்ரிஷ் சுவரில் ஒரு துளை தேடி எட்டிப் பார்க்கிறான். அவள் அழகைப் பார்க்கிறான், தன்னைப் பார்க்கிறான், நிறுத்தச் சொல்கிறான்.

இந்த இடம் முக்கியம். போதகர்களின் இலக்கணப்படி கண்ணால் அழகைப் பார்ப்பதுதான் பாவத்தின் வாசல். ஹார்ட்மன் அதே பார்வையைத் திருப்பத்தின் தொடக்கமாக வைக்கிறார். அந்த அழகு சாகக் கூடாது என்ற எண்ணத்தில்தான் அவன் தன் நோயை ஏற்றுக்கொள்கிறான். அந்தப் பெண்ணோ வீரத்தியாகம் கைநழுவிப் போனதே என்று அவனைக் கோழை என்று திட்டித் தீர்க்கிறாள். கடவுள் இருவரையும் சோதித்தது போதும் என்று குணமாக்குகிறார். அவர்கள் திருமணம் செய்துகொள்கிறார்கள்.

கோட்ஃப்ரீட்: காதலே சமயமானால்

சுமார் 1210-இல் கோட்ஃப்ரீட் ஃபொன் ஷ்ட்ராஸ்பூர்க் எழுதி, முடிக்காமல் விட்ட ‘ட்ரிஸ்டான்’ இந்த மரபில் மிகத் துணிச்சலான நூல். ட்ரிஸ்டான் தன் மாமன் மன்னன் மார்க்குக்காகப் பெண் கேட்டுப் போய், அழைத்து வரும் இசோல்டையே கப்பலில் காதலிக்கத் தொடங்குகிறான். மணமக்களுக்கென்று வைத்திருந்த காதல் பானத்தை இருவரும் தெரியாமல் குடித்துவிட்டார்கள். அது உங்கள் இருவருக்கும் சாவு என்று தோழி பிராங்கேன சொன்னபோது, இசோல்டே என் சாவு என்றால் என்றென்றைக்குமான சாவையும் நான் தேடிப் பெறுவேன் என்கிறான் ட்ரிஸ்டான். கிறிஸ்தவச் செவிக்கு அது நரகத்தையே குறிக்கும். தெரிந்தே அந்த வார்த்தையை அவன் வாயில் வைக்கிறார் கவிஞர்.

கவிஞர் செய்யும் வேலைகளை வரிசையாகப் பார்க்கலாம்.

1. தன் கதை எல்லோருக்கும் அல்ல என்கிறார். இன்பத்தை மட்டும் கேட்பவர்களுக்கு இல்லை. இனிய கசப்பையும் அன்பான துயரையும் ஒன்றாகத் தாங்கக்கூடிய ‘உயர்ந்த நெஞ்சங்களுக்கு’ மட்டும். அவர்களுடைய வாழ்வும் சாவும் நமக்கு அப்பம் என்கிறார். பூசையில் கிறிஸ்துவின் உடலாக அப்பத்தை உண்ணும் நற்கருணையின் மொழி அது.

2. காதலர்கள் நாடுகடத்தப்பட்டு வாழும் குகையை ஒரு தேவாலயத்தை விளக்குவதுபோல விளக்குகிறார். வட்டச் சுவர் காதலின் கள்ளமின்மை. பளிங்குக் கட்டில் அதன் தூய்மை. அங்கே அவர்களுக்குச் சாப்பாடுகூட வேண்டியிருக்கவில்லை.

3. கற்பை நிரூபிக்கும் தீச்சோதனையில் கடவுளையே இழுத்துவிடுகிறார். இசோல்டே, யாத்திரிகன் வேடத்தில் இருக்கும் ட்ரிஸ்டானைத் தன்னைத் தூக்கிக்கொண்டு விழ வைக்கிறாள். பிறகு, என் கணவனும் அந்த யாத்திரிகனும் தவிர யாரும் என் பக்கத்தில் கிடந்ததில்லை என்று சத்தியம் செய்து பழுக்கக் காய்ச்சிய இரும்பைப் பிடிக்கிறாள். கை சுடவில்லை. கிறிஸ்து காற்றடிக்கும் பக்கம் மடங்கும் அங்கிக் கை மாதிரி என்கிறார் கோட்ஃப்ரீட்.

இந்த வரி தெய்வ நிந்தையா, தீச்சோதனை என்ற வழக்கத்தின் மீதான கண்டனமா? நான் இரண்டாவது பக்கம் சாய்கிறேன். சில ஆண்டுகளில் 1215-இன் லாத்தரான் சங்கமே குருக்கள் இத்தகைய சோதனைகளுக்கு ஆசி வழங்கக் கூடாது என்று தடுத்துவிட்டது.

ஆனாலும் இந்த நூலை வெறும் காதல் முழக்கம் என்று படித்தால் நடுவில் வரும் ஒரு வரி தப்பிவிடும். குகை வாழ்க்கையைவிட மேலான வாழ்வுக்கு அவர்கள் ஒரு மொச்சைக்கொட்டைகூடக் கொடுத்திருக்க மாட்டார்கள், மானம் ஒன்றைத் தவிர என்கிறார் கவிஞர். மார்க் மன்னன் திரும்ப அழைத்ததும் கடவுளுக்காகவும் மானத்துக்காகவும் என்று அரண்மனைக்குத் திரும்புகிறார்கள். பொய்யும் ஒற்றும் நிறைந்த அதே அரண்மனைக்கு! எரெக் அறிந்த உண்மை இங்கேயும் வேலை செய்கிறது: சபை இல்லாமல் மதிப்பு இல்லை. ட்ரிஸ்டானுக்கும் இசோல்டேக்கும் அந்த மதிப்பும் காதலும் ஒரே இடத்தில் கிடைக்க வழியில்லை என்பதுதான் துயரம்.

வொல்ஃப்ராம்: நல்ல பழக்கமே பாவமாகும்போது

வொல்ஃப்ராம் ஃபொன் எஷன்பாக் எழுதிய ‘பார்ட்சிவால்’ சுமார் 25,000 வரி. முழுச் சுவடிகளும் துண்டுகளுமாக 80-க்கும் மேல் கிடைத்திருக்கின்றன. அவ்வளவு விரும்பிப் படிக்கப்பட்டது. நம் கேள்விக்கு மிக ஆழமான பதிலும் இங்கேதான்.

முதலில் நோயாளி மன்னன் அன்ஃபோர்ட்டாஸ். கிரால் என்ற அற்புதக் கல்லைக் காப்பவன். அந்தக் கல் குறிக்கும் பெண்ணைத்தான் அவன் மணக்க வேண்டும். அவனோ தன் விருப்பப்படி ஒருத்தியின் காதலுக்காகச் சண்டைக்குப் போனான். ‘ஆமோர்’ என்பது அவன் போர்முழக்கம். அந்த முழக்கம் பணிவுக்கு அவ்வளவு பொருத்தம் இல்லை என்கிறார் கவிஞர். நஞ்சு தடவிய ஈட்டி ஆண்குறிப் பகுதியில் பாய்ந்தது. ஆறாத புண், கிராலைப் பார்ப்பதால் சாகவும் முடியாது. இன்பம் பாவமாகித் தண்டனை கிடைத்த நேரடியான கதை இது. வொல்ஃப்ராம் இதோடு நின்றிருந்தால் எந்தப் போதகரும் சொல்லக்கூடிய கதைதான்.

பார்ட்சிவாலின் தவறு முற்றிலும் வேறு வகை. படிப்படியாகப் பார்க்கலாம்.

1. அம்மா அவனை உலகமே தெரியாமல் காட்டில் வளர்த்தாள். அவன் குதிரைவீரர்களைப் பார்த்ததும் கிளம்பிவிட்டான். பிரிவு தாங்காமல் அவள் விழுந்து இறந்தது அவனுக்குத் தெரியாது.

2. பண்பாடு தெரியாத அவனுக்குக் குர்னெமன்ஸ் என்ற முதிய பிரபு அரண்மனை நாகரிகம் கற்றுக்கொடுத்தார். அதில் ஒன்று, அதிகம் கேள்வி கேட்காதே.

3. அன்ஃபோர்ட்டாஸின் கோட்டையில் அவன் விருந்தாளி. மன்னன் வலியில் துடிக்கிறான். என்ன ஆயிற்று என்று ஒரு வார்த்தை கேட்டிருந்தால் மன்னன் குணமாகியிருப்பான். மரியாதை கருதிப் பார்ட்சிவால் வாயை மூடிக்கொண்டான்.

4. ஆர்தர் சபையில், எல்லோர் முன்னிலையிலும், கிராலின் தூதுப் பெண் குந்த்ரி, கேள்வி கேட்காததற்காக அவனைச் சபிக்கிறாள். அவன் கடவுள்மேல் கோபம் கொள்கிறான். உனக்குச் சேவகம் செய்தேனே, நீ கைவிட்டாய், இனி உன் சேவகத்தை விடுகிறேன் என்கிறான்.

அரண்மனைப் பண்பை ஒழுங்காகக் கடைப்பிடித்ததே அவன் குற்றமாகிவிட்டது. அதுமட்டுமா, கடவுளையும் ஓர் எஜமானப் பிரபுவாகவே கணக்கிடுகிறான்: நான் உழைத்தேன், நீ கூலி கொடு. இதை எழுதியவர் அரண்மனை வாழ்வை வெறுக்கும் துறவி இல்லை, ஈட்டி பிடிப்பதைப் பெருமையாகச் சொல்லிக்கொண்ட வீரர். அதனால்தான் இந்த விமர்சனம் அவ்வளவு தைக்கிறது.

ஆண்டுகள் கழிந்து, ஒரு புனித வெள்ளியன்று, அவன் துறவி ட்ரெவ்ரிட்சென்ட்டிடம் வந்து சேர்கிறான். என் பெரிய வேதனை கிரால், அதற்கடுத்து என் மனைவி என்கிறான். மனைவி கொண்ட்விராமூர்ஸை அவன் பிரிந்து வெகுகாலம். ஒருமுறை பனியில் விழுந்த மூன்று சொட்டு ரத்தத்தில் அவள் முகத்தைக் கண்டு மெய்மறந்து நின்றவன் அவன். ட்ரெவ்ரிட்சென்ட் அந்த ஏக்கத்தைக் கண்டிக்கவில்லை. முறையான திருமணத்தில் நிற்கிறவனாக இருந்தால், நரகத்துக்கே போனாலும் அந்த வேதனை சீக்கிரம் தீரும் என்கிறார். இந்த ஒரு பதிலில் வொல்ஃப்ராம் காதல் ஏக்கத்தைப் பாவக் கணக்கிலிருந்து எடுத்து, மீட்சியின் பக்கம் வைத்துவிடுகிறார்.

நூலின் முடிவில் அவர் சொல்வது, உடலின் குற்றத்தால் ஆன்மாவைக் கடவுளிடமிருந்து பறிகொடுக்காமலும், அதே சமயம் உலகத்தின் நல்லெண்ணத்தை மதிப்போடு காத்துக்கொண்டும் ஒருவன் வாழ்க்கையை முடித்தால், அது பயனுள்ள உழைப்பு என்பதாகும். வால்ட்டர் முடியாது என்ற பேழையை வொல்ஃப்ராம் மூடிக் காட்டுகிறார். ஆனால் அதற்குக் காடும் பசியும் அவமானமும் பல ஆண்டு அலைச்சலும் விலை.

1250-க்குப் பிறகு

பின்னால் வந்த தலைமுறையில் இந்த மரபு பல இழைகளாகப் பிரிகிறது. ஸ்டிரியாவின் பிரபு உல்ரிஷ் ஃபொன் லிக்டன்ஷ்டைன் 1255-இல் எழுதிய தன்வரலாறு போன்ற காவியத்தில் காதல் தேவியான வீனஸ் வேடம் போட்டு ஊர் ஊராகச் சண்டை போடுகிறார், காதலிக்காக விரலை வெட்டிக்கொள்கிறார். நடுவில் இரண்டு மூன்று நாள் வீட்டுக்குப் போய் மனைவியோடு சந்தோஷமாக இருந்துவிட்டும் வருகிறார். காதல் சேவை இங்கே பெருமளவுக்கு விளையாட்டாகிவிட்டது.

மக்டெபூர்க் நகரின் மெக்டில்ட் என்ற பக்தைப் பெண் நேர் எதிர்த் திசையில் போனார். ஆன்மா அரண்மனைக்குப் போகும் பயணம் என்று ஒரு பகுதியே எழுதினார். கடவுள் அங்கே காதலர். ஆன்மாவிடம் ஆடையைக் களையச் சொல்கிறார், நமக்கிடையில் எதுவும் இருக்கக் கூடாது என்கிறார். காதல் கவிஞர்கள் வளர்த்தெடுத்த மொழி முழுவதையும் அவர் கூசாமல் எடுத்துக்கொண்டார்.

வூர்ட்ஸ்பூர்க்கின் கொன்ராட் (இறப்பு 1287) எழுதிய சிறுகாவியம் வோர்ம்ஸ் சிலைக்கு விளக்கம் போலவே இருக்கிறது. கவிஞரும் வீரருமான விர்ன்ட் தன் அறையில் காதல் கதை ஒன்றைப் படித்தபடி சாயங்காலம் வரை உட்கார்ந்திருக்கிறார். அற்புதமான பெண் ஒருத்தி வருகிறாள். வாழ்நாள் முழுக்க எனக்குத்தானே சேவகம் செய்தாய், கூலி இதோ என்று முதுகைக் காட்டுகிறாள். தேரை, பாம்பு, புண், ஈ, எறும்பு. விர்ன்ட் மனைவி மக்களை விட்டுச் சிலுவைப்போருக்குக் கிளம்புகிறார். ஹார்ட்மனின் மனத்தடுமாற்றமோ வொல்ஃப்ராமின் பொறுமையோ இங்கே இல்லை. முன்பக்கம், பின்பக்கம், தீர்ந்தது. கையில் காதல் கதைப் புத்தகம் இருப்பதையும் கவனிக்க வேண்டும். குற்றவாளிக் கூண்டில் இலக்கியமும் ஏற்றப்படுகிறது.

நம் குழப்பம் வந்த வழி

‘புனிதக் காதலா, உடல் காதலா’ என்ற இருமுனைக் கேள்வியை நம்மில் பலர் இந்த நூல்களுக்குக் கொண்டுபோவது 19-ஆம் நூற்றாண்டின் வழியாகத்தான். ‘அரசவைக் காதல்’ என்ற பெயரைப் பிரபலமாக்கியவர் பிரெஞ்சு அறிஞர் காஸ்டோன் பாரி, 1883-இல். அதற்கு முன்பே ஜெர்மன் இசையமைப்பாளர் வாக்னரின் இசைநாடகங்கள் இந்தக் கதைகளை உலகம் முழுக்கக் கொண்டுபோய்விட்டன.

டான்ஹாய்ஸர் கதையில் இது நன்றாகத் தெரியும். இந்தப் பெயரில் 13-ஆம் நூற்றாண்டில் ஒரு கவிஞர் இருந்தார். அவரைப் பற்றிய நாட்டுப்பாடல் 16-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அச்சேறியது. அதில் அவர் வீனஸ் மலைக்குள் வாழ்ந்துவிட்டு, மனம் வருந்தி ரோமுக்குப் போய் மன்னிப்புக் கேட்கிறார். இந்தக் காய்ந்த கோல் துளிர்த்தால்தான் உனக்கு மன்னிப்பு என்கிறார் போப் உர்பன். மூன்றாம் நாள் கோல் துளிர்க்கிறது. அதற்குள் அவர் நம்பிக்கையிழந்து மலைக்குத் திரும்பிவிட்டார். வாக்னர் 1845-இல் இதை மேடையேற்றியபோது, வீனஸ் ஒரு பக்கம், கற்புள்ள எலிசபெத் மறுபக்கம் என்று பிரித்து, அவளுடைய மரணத்தால் அவனுக்கு மீட்சி கிடைக்க வைத்தார். பழைய பாடலில் எலிசபெத்தே கிடையாது. வீனஸ் மலையில் கழிந்த காலத்தைப் பெரிய குற்றமாக அது நீட்டி முழக்கவும் இல்லை. வருந்தி வந்தவனை ஐயத்தில் தள்ளிய போப் உர்பன் என்றென்றைக்கும் தொலைந்துபோனார் என்பதே அது சொல்லும் தீர்ப்பு.